பைபாஸ் கண்ட நகராட்சிகளுக்கு ஒரு பாராட்டு மடல்

பெருமதிப்புக்குரிய விழுப்புரம், திண்டிவனம் நகராட்சி நிர்வாகங்களுக்கு,

ஒரு கடைத்தெருவை நலிய வைக்கக் கடைகளை மூட வேண்டியதில்லை, பஸ்ஸைத் தள்ளி நிறுத்தினாலே போதும் என்று கண்டறிந்த பெருமை தங்களையே சேரும். 1993இல் விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. ஊருக்குக் கூட்டம் சேரும், எம்.ஜி. ரோட்டிலும் பாகர்ஷா வீதியிலும் காசு புரளும் என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஆட்சியர் அலுவலகப் பெருந்திட்ட வளாகமும் புதிய பஸ் நிலையமும் திருச்சி சாலைப் பக்கம் போய் உட்கார்ந்தன. மனு கொடுக்க வருகிறவர் கொடுத்துவிட்டு, அங்கேயே டீ குடித்து, அங்கேயே பஸ் ஏறிவிடலாம். பழைய ஊரை எட்டிப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. திண்டிவனம் இன்னும் ஒருபடி மேல். ஆண்டுக்கணக்காகப் பயணிகளை மேம்பாலத்தடியில் நிற்க வைத்தது. தொலைதூரப் பஸ்கள் பலவும் பைபாஸிலேயே ஆளை உதிர்த்துவிட்டுப் பறந்தன. கடைசியில் புதிய பஸ் நிலையத்துக்கும் கடைத்தெருவான நேரு வீதியை விட்டுச் சென்னை சாலையில் இடம் பார்த்தார்கள்.

வெளியூர்ப் பஸ்கள் சந்துக்குள் நுழைந்தால் நெரிசல்தானே என்பீர்கள். நியாயம், அவை வெளியே நிற்பதில் குறையில்லை. குறை, டவுன் பஸ்ஸைப் பற்றியது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சுற்றுக் கிராமத்துப் பெண்ணைச் செலவில்லாமல் ஊருக்குள் கொண்டுவர மாநில அரசு பணம் கட்டுகிறது. அவர் துணிக்கடை வாசலில் இறங்குகிறாரா, நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்குகிறாரா என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. பழைய, புதிய பஸ் நிலையங்கள் இரண்டையும் கடைத்தெருவோடு சேர்த்து ஓயாமல் சுற்றும் பஸ், நிழலுள்ள நிறுத்தம், பெண்கள் கூசாமல் நுழையக்கூடிய கழிப்பறை: திறப்பு விழாக் கல்வெட்டுக்குத் தோதான திட்டங்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னையின் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023 டிசம்பரில் ரயில் நிலையம் இல்லாமலே திறந்த நாட்டில், நிலையம் முதலில், போய்ச் சேரும் வழி பிறகு என்பது தங்கள் கண்டுபிடிப்பு மட்டுமல்ல என்றும் ஆறுதல் கொள்ளலாம்.

ஆக்கிரமிப்புதான் நோய், தள்ளுவண்டிகளை அகற்றினால் தெரு பிழைக்கும் என்ற வாதமும் உண்டு. தள்ளுவண்டிக்காரர் ஐந்தடி இடத்தில் நாள் முழுக்க ஆட்களை வரவழைக்கிறார். கடை வாசலில் நிற்கும் கார் அதைப்போல் மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒருவரை வரவழைக்கிறது. ஆனாலும் ஜேசிபி வருவது வண்டிக்காரரைத் தேடித்தான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக்கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. அதைப் படிக்க நேரமில்லை என்றால் சென்னைப் பாண்டி பஜாருக்காவது ஒரு நடை போய்வரலாம். 2019இல் அங்கே கார்களுக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கினார்கள், தி. நகர் காலியாகிவிடவில்லை. ஆன்லைன் வியாபாரம்தான் காரணம் என்று சொல்வீர்களானால், செல்போனோடு போட்டியிட வேண்டிய கடைக்காரருக்கு வாடிக்கையாளர் நடந்து வரும் வழியையும் அடைப்பது எந்த ஊர் நியாயம்?

ஊரில் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருக்க, சொத்து வரி நோட்டீஸ் மட்டும் முகவரி தவறாமல் பழைய கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. 2022இல் அந்த வரியை உயர்த்தியும் ஆயிற்று. அடுத்து எதையாவது பைபாஸுக்கு மாற்றும் எண்ணமிருந்தால், வரி வசூல் கவுன்டரில் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அங்கே போக டவுன் பஸ் விட வேண்டாம்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவர்