ரூட்டுத் தல

சென்னையில் கல்லூரிப் பையன்கள் ஏறும் பஸ் தடங்களுக்கு ‘ரூட்டுத் தல’ என்று ஒருவன் இருப்பான். அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகி, தொப்பை விழுந்து, தவணையில் கார் வாங்கி, பெருங்களத்தூர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் குடியேறினால் எப்படி இருப்பானோ, அப்படி ஒருவர் எங்களுக்கு வாய்த்திருக்கிறார். பையன்கள் பஸ் கூரைமேல் ஏறுவார்கள். இவர் கூகுள் மேப்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தால் நாங்கள் காரில் எந்த ஊருக்குப் போவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவரிடம் யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் அது அவரிடம்தான் இருக்கிறது.

டிசம்பர் கடைசியில் நாள்காட்டி வந்ததும் மற்றவர்கள் முகூர்த்த நாள் பார்ப்பார்கள், கரிநாள் பார்ப்பார்கள். தல பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எந்த விசேஷம் எந்தக் கிழமையில் விழுகிறது? வெள்ளி, திங்கள் என்றால் உத்தமம். செவ்வாய், வியாழன் என்றால் நடுவில் ஒரு நாள் லீவு போட்டுச் சரிக்கட்டலாம். புதன்கிழமை வரும் பண்டிகையை அவர் பண்டிகையாகவே மதிப்பதில்லை. 2026 நாள்காட்டி அவரைக் கொஞ்சம் நிலைகுலைய வைத்துவிட்டது. ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. “ரெண்டும் வேஸ்ட்டு சார்” என்று லிஃப்டில் என்னிடம் சொன்னபோது குரல் தழுதழுத்தது. குடியரசு தினம் திங்கள், காந்தி ஜயந்தி வெள்ளி, ஆயுத பூஜை திங்கள், மறுநாள் விஜயதசமி என்று நான் நினைவூட்டினேன். “ஆமா, காந்தியும் அரசியல் சட்டமும்தான் இந்த வருஷம் நம்மைக் காப்பாத்தணும்” என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து பையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். அதற்குள் குடியரசு தினத்துக்கான வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டது. முதல் காரியம் வாக்கெடுப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு வாக்கெடுப்புக்கு 12 விடைகள்தான் வைக்கலாம். தல பன்னிரண்டையும் நிரப்பினார்: ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, செஞ்சி, திருவண்ணாமலை, பிச்சாவரம், தரங்கம்பாடி, காரைக்குடி, ஜவ்வாது மலை, ஆந்திராவில் கண்டிக்கோட்டை, கடைசியாக, வேண்டா வெறுப்பாகப் புதுச்சேரி. பதின்மூன்றாவதாக ஓர் ஊர் தோன்றியதால் ஒன்றே ஒன்றை வைத்து இரண்டாவது வாக்கெடுப்பு. ஒருவரே பல விடைகளைத் தொடலாம் என்பதால் ஏறக்குறைய எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டார்கள். பன்னிரண்டு ஊர்களும் வெற்றி பெற்றன. மூன்றாவது மாடிக்காரர் மட்டும், 26-ஆம் தேதி டாஸ்மாக் மூடியிருக்குமே, 25-ஆம் தேதி ராத்திரி எந்த ஊரில் இருப்போம் என்று கேட்டார். அந்தக் குழுவில் கேட்கப்பட்ட ஒரே தெளிவான கேள்வி அதுதான்.

இந்த இடத்தில் “எனக்கு எங்கன்னாலும் ஓகே” என்று எழுதுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலேயே ஆபத்தான ஜென்மங்கள் அவர்கள்தான். பிச்சாவரம் என்றால், “அங்கே வெயில் அதிகமாச்சே.” காரைக்குடி என்றால், “எல்லாம் பழைய வீடுங்கதானே.” தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது என்று தல படத்தோடு விளக்கினார். நாலாவது மாடி ‘எங்கன்னாலும் ஓகே’ அரை மணி நேரம் ஏதோ தேடிப் படித்துவிட்டுப் பதில் போட்டது: “அந்த ஊரை டேனிஷ்காரங்களே 1845-ல வித்துட்டுப் போயிட்டாங்களாம். நாம எதுக்குப் போகணும்?”

ஆனால் தலயின் எதிரிகள் அவர்கள் அல்ல. கவனித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது, ஊரை முடிவு செய்வதுதான் அவருக்கே பிடிக்காத காரியம். பன்னிரண்டு ஊர்களும் உயிரோடு இருக்கும்வரை அவர் முகத்தில் ஒரு களை இருக்கும். ஏதாவது ஒன்று தேறிவிடும்போலத் தெரிந்தால் பதறிப்போய் அதன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். எல்லாரும் செஞ்சி என்றோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததையும், அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான் என்பதையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். “அதான் சார் பிரச்சினை. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. கூட்டம் அள்ளும்” என்று அவரே அடித்துவிட்டார். அவருக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத இடம். அதை அவர் கண்டுபிடிப்பது லட்சக்கணக்கானோர் பார்த்த வீடியோக்களில்.

மலைகளை நாம் உயரத்தால் அளப்போம், குளிரால் அளப்போம். தல அளப்பது கொண்டை ஊசி வளைவுகளால். ஏலகிரி 14, ஏற்காடு 20, வால்பாறை 40, கொல்லிமலை 70. எண்ணிக்கை ஏற ஏற அவர் கண்ணில் ஒளி ஏறும். அவர் மனைவிக்குக் கவலை ஏறும். “ஏங்க, பதினாலுக்கே என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?” என்பார். ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். தல ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்துப் பையனுக்குச் சங்க காலம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பையன் பொறுத்துப் பார்த்தான். எந்த வள்ளல் என்று நினைவில்லை, அவர் வளைவில் வைத்துக் காலையில் தின்ற நான்கு இட்லியையும் வாரி வழங்கிவிட்டான். அதற்குப் பிறகு மலை என்றாலே அந்தக் காரில் எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், பாலித்தீன் கவர் மூன்றும் தயாராக இருக்கும். ஜவ்வாது மலைக்குப் போனால் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, ஜனவரியில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் என்று தல ஒருமுறை ஆசை காட்டினார். “மொட்டை மாடிக்குப் போங்க, நிறையத் தெரியும்” என்று பதில் வந்தது.

ஊட்டியும் கொடைக்கானலும் அவர் பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டுக்கும் இ-பாஸ் வேண்டும் அல்லவா? அதற்காக அவர் விட்டுவிடவில்லை. போகப்போவதில்லை என்று தெரிந்தும் கொடைக்கானலுக்குத் தன் கார் எண்ணில் ஒரு பாஸ் எடுத்து வைத்தார். “எதுக்கும் இருக்கட்டும்.” அதே ‘எதுக்கும்’ கணக்கில் மூன்று ஊர்களில் அறைகளும் பதிவாகியிருந்தன. எல்லாம் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடியவை. ரத்து செய்ய முடியாத அறையை அவர் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அதில் தங்கியாக வேண்டியிருக்குமே.

இந்த வருடம் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. 2025 ஆகஸ்ட் 15-இல் சுங்கச்சாவடிகளுக்கு வருடாந்திர பாஸ் வந்தது. 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. தல முதல் நாளே வாங்கினார். ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான் ஆகிறது என்று அடுக்ககம் முழுக்கச் சொன்னார். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் கழிந்தது கொஞ்சம், மிச்சம் மலையளவு. பாஸ் ஆகஸ்டில் செத்துவிடும். அன்றிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலே மாறிவிட்டது. கடல் இருக்கிறதா, மலை இருக்கிறதா என்பது போய், வழியில் எத்தனை சாவடி என்று ஆனது. தேசிய நெடுஞ்சாலைகளில்தான் அந்த பாஸ் செல்லும். உத்தண்டிச் சாவடி மாநிலச் சாலையில் இருப்பதால் ஈசிஆர் முழுவதுமே அவர் மனதிலிருந்து விலக்கப்பட்டது. கடலைப் பார்த்தபடி புதுச்சேரிக்குப் போக வழி இருக்கும்போது, திண்டிவனம் சுற்றிப் போகலாம் என்றார். பரனூர் ஒன்று, ஆத்தூர் ஒன்று என்று விரல் மடக்கினார். மனிதனுக்கு டோல்கேட்டின்மேல் ஆசை வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஜனவரி 24, சனிக்கிழமை. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது உத்தரவு. “எல்லாரும் நாலு மணிக்குத்தான் கிளம்புவான். நாம மூணுக்குக் கிளம்பிட்டா ரோடு காலி.” எந்த ஊருக்கு என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. “திண்டிவனம் வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே ரோடுதானே, போயிட்டே பேசிக்கலாம்” என்றார். ஏலகிரியையும் கண்டிக்கோட்டையையும் மறந்துவிட்டால், ஒத்துக்கொள்ள வேண்டிய உண்மைதான். திண்டிவனத்தில் இடது பக்கம் புதுச்சேரி, வலது பக்கம் செஞ்சி, திருவண்ணாமலை, நேரே போனால் விழுப்புரமும் அதற்கப்பால் மீதித் தமிழ்நாடும். முடிவெடுக்காமல் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்ட இந்த மாநிலத்தில் இதைவிட வசதியான சாலை கிடையாது.

தலயின் கார் முன்னால், என் கார் பின்னால். வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை சிரமமில்லை. பரனூரில் விளக்குகள் தெரியும்போதே புரிந்துவிட்டது. பொழுது விடிய இன்னும் எத்தனையோ நேரம் இருக்க, வரிசை வரிசையாகக் கார்கள். ஒவ்வொரு ஸ்டியரிங்குக்குப் பின்னாலும் ஒரு தல. எல்லாரும் நாலு மணிக்குத்தான் கிளம்புவான் என்று கணக்குப் போட்ட அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தார்கள். பக்கத்து வரிசைக்காரர் கண்ணாடியை இறக்கி, “எங்க சார் போறீங்க?” என்று எங்கள் தலயைக் கேட்டார். “பார்த்துட்டிருக்கோம்” என்றார் தல. “நாங்களும்” என்றார் அவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை.

மதுராந்தகம் தாண்டி ஒரு காபிக் கடை. கும்பகோணத்திலேயே அவ்வளவு இருக்குமா தெரியாது, இந்தச் சாலையில் அத்தனை கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள். பித்தளை டபராவைச் சுற்றிக் கடைசிச் சுற்றுப் பேச்சுவார்த்தை தொடங்கியது. தல போனைத் திறந்து, திண்டிவனத்துக்குள் முடிவு தெரிய வேண்டும் என்று அவரே எங்களை அதட்டினார். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்த அவர் அம்மா பேசினார்.

“டேய், இவ்வளவு தூரம் வந்துட்டோம். அப்படியே குலதெய்வம் கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம். போற வழிதானே.”

“எங்கேம்மா போற வழி? எங்க போறோம்னே இன்னும் முடிவாகலையே!”

“அதான் சொல்றேன். எங்க போனாலும் போற வழிதான்.”

இதற்கு மறுமொழி கிடையாது. தல மனைவியைப் பார்த்தார். அவர் காரின் டிக்கியைப் பார்த்தார். பிற்பாடு தெரிந்தது, பைகளுக்கு அடியில் பச்சரிசி, வெல்லம், முந்திரி, புது வெண்கலப் பானை எல்லாம் இருந்தன. பையனுக்கு முடியிறக்கும் வேண்டுதல் வெகுநாளாக பாக்கியாம். வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே மாமியாரும் மருமகளும் பாத்திரக் கடைக்குப் போய்வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரிக்கும் இது தெரிந்திருக்கிறது. ஒன்றுவிட்ட மாமியார் மாதிரி அவரும் ஒரு கிலோ வெல்லம் வாங்கியிருந்தார்.

நான் எதிர்பார்த்த அளவுக்குத் தல வருத்தப்படவில்லை. ஒரு நிமிடம் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. “பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி... போக மூணு, வர மூணு. ஆறு கழியும்” என்றார். முடிவாகிவிட்டது.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கியதும் மேப் ஊமையாகிவிட்டது. நீல அம்பு ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றது. தல போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பின்சீட்டிலிருந்து அம்மா, “ரேஷன் கடை தாண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. பெரிய புளியமரம் வரும், அதுலேருந்து வாய்க்கால் ஓரமாவே போ” என்றார். ரேஷன் கடையும் வந்தது, புளியமரமும் வந்தது, குதிரைமேல் உட்கார்ந்து அய்யனாரும் வந்தார். மதியத்துக்குள் பொங்கல் பொங்கியது. பையன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மற்ற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்து எழுந்தான். நாலாவது மாடி ‘எங்கன்னாலும் ஓகே’ வரவில்லையே என்று எனக்கு வருத்தம். அவருக்கு இங்கே குறை சொல்ல என்ன கிடைத்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

தல மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தார். மூன்று ஊர் அறைகளையும் மாலைக்குள் ரத்து செய்ய வேண்டும், சிக்னல் இல்லை. போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அய்யனார் குதிரைகளைச் சுற்றி நடந்தார். அவர் பிரதட்சணம் செய்கிறார் என்று நினைத்துப் பூசாரி மனம் குளிர்ந்துபோய்ப் பேச்சுக் கொடுத்தார்.

“தம்பி மெட்ராஸ்தானே? நாளைக்கு நானும் வர்றேன். தாம்பரத்துல மக வீடு.”

தலயின் முகத்தில் பழைய களை திரும்பியது. குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் கோடு போட்டார். இது விழுப்புரம், இது திண்டிவனம். நேராக ஜிஎஸ்டி ரோடு பிடிக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டில் மாட்டிக்கொள்வீர்கள். திண்டிவனத்தில் திரும்பி வந்தவாசி, காஞ்சிபுரம் போனால் தூரம் கூடுதல், நெரிசல் குறைச்சல். புதுச்சேரி போய்க் கடலோரமாகவும் வரலாம், மூன்றிலும் என்னென்ன சௌகரியம், என்னென்ன அசௌகரியம் என்று கால் மணி நேரம். பூசாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நான் பஸ்ல போறவன் தம்பி. அது எந்த வழியா போவுதோ, அந்த வழியாத்தான் நானும்.”

குச்சி கையிலேயே இருக்கத் தல கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

“எத்தனை மணி பஸ்?”