எல்லைக்கோட்டின் கணக்கு

உலகமே ஒரு கணக்கு, அதை ஓட்டக் கணினியோ மின்சாரமோ தேவையில்லை, கணிதம் இருந்தாலே போதும் என்கிறார்கள் சிலர். இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் கணிதக் கட்டமைப்புதான் உலகம் என்று 2014-இல் புத்தகமே போட்டார். இந்தக் கட்சிக்குத் தமிழ்நாடு–கேரள எல்லையோரப் பாறசாலையைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கியது. நடுவில் விழுந்த கோட்டுக்கு எடையும் இல்லை, அகலமும் இல்லை. ஆனாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இஞ்சிவிளையில் கேரள அரசே அச்சடித்து விற்கும் லாட்டரிச் சீட்டை இந்தப் பக்கம் களியக்காவிளையில் விற்றால் குற்றம்; தமிழ்நாடு 2003-லேயே தடை போட்டுவிட்டது. அதே தாள், அதே மை!

ஆனால் அந்தக் கணக்கு தானாக ஓடவில்லை. வெயிலில் நிற்கும் போலீஸ்காரர் விற்பவரின் கையைப் பிடித்தால்தான் ஓடும். 2017-இல் ஜிஎஸ்டி வந்து கேரளத்து அமரவிளை வணிகவரிச் சாவடியே போய்விட்டதே என்பார்கள். போனது சாவடிதான், சரக்கு லாரியின் இ-வே பில்லைச் சரிபார்க்கும் சர்வர் எங்கோ மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது. போலீஸ்காரரும் சர்வரும்கூடக் கணக்கின் வரிகளே என்று அடுத்த வாதம் வரும். சரி, கணிதத்தின் அருவ வெளியில் எல்லாக் கணக்கும் உண்டென்றால், நெய்யாற்றின்கரை தமிழ்நாட்டுக்கு வந்த கணக்கும் அங்கே உண்டு. நமக்கு ஏன் இந்தக் கணக்கு வாய்த்தது என்பதற்கு அங்கே பதில் இல்லை. விளவங்கோட்டு விவசாயிக்கும் அந்த இன்னொரு கணக்கால் பயனில்லை: நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் அவருக்கு வந்த தண்ணீரைக் கேரளம் 2004-இல் நிறுத்தியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.