கதவுநிலைப் பூனை: ஓர் அகப்புற ஆய்வு

பூனை என்பது யாது? இக்கேள்விக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஆய்வேட்டு மரபுப்படி முதல் பத்தியில் அதைக் கேட்டாக வேண்டும், கேட்டாயிற்று.

இலக்கியச் சான்றுகளை முதலில் காண்போம். வெருகின் பிள்ளைக்குக் ‘குட்டி’ என்பது உரிய பெயர் என்கிறது தொல்காப்பிய மரபியல். அந்நூலின் காலம் பற்றிச் சண்டையிடுவோர் சண்டையிடட்டும். குட்டி அன்றும் குட்டி, இன்றும் குட்டி. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பாற்கடலுக்குப் பின் அப்பூனையின் வயிறு என்ன பாடுபட்டது என்பது குறித்து உரையாசிரியர்கள் மௌனம் சாதிக்கின்றனர். முனைவர் பட்டத்துக்கு இங்கே ஒரு தலைப்பு காலியாக இருக்கிறது.

இனி இனவரைவு. 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்னும் ஓவியர் பெரியதொரு பூனைக் கண்காட்சி நடத்தினார். அதுவரை வெறும் பூனையாக இருந்தது, அதன்பின் இனமாகவும் இலக்கணமாகவும் ஆயிற்று. எது நல்ல பூனை என்று விதி வகுத்தவர் வியர். நடுவர்களில் அவரும் ஒருவர், அவருடைய உடன்பிறந்தவரும் ஒருவர். நம் ஊர்த் தேர்வுக் குழுக்களுக்கு இவ்வளவு பழைய முன்மாதிரி இருப்பதை யாரும் சுட்டிக்காட்டாதது வியப்பே.

இனங்களின் குணங்கள் வருமாறு:

பெர்ஷியன் உட்காரும்.

ராக்டால், தூக்கினால் ஈரத்துண்டு போலத் துவளும்.

டர்கிஷ் வான் தண்ணீருக்கு அஞ்சாது.

ஸ்காட்டிஷ் ஃபோல்டின் காதை மடித்த அதே மரபணுக் கோளாறு, அதன் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. இவ்வினத்தை ‘அமைதியானது, அதிகம் குதிக்காது’ என்று குணநலப் பட்டியலில் எழுதுகிறார்கள். குதித்தால் வலிக்கும் என்பதைப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சியாமீஸ் பேசும். பதிலை எதிர்பாராமல், மூச்சு வாங்காமல், கேட்பவர் எழுந்து போனபின்னும் பேசும். இவ்வகையில் இது கருத்தரங்கத் தலைமையுரைக்கு மிக நெருங்கிய உயிர். இதன் உடம்பில் நிறம் தருகிற நொதி குளிர்ந்த இடங்களில்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே காது, மூக்கு, கால், வால் எல்லாம் கருத்தும் நடு உடம்பு வெளுத்தும் இருக்கும். குளிரூட்டிய அறையில் மட்டும் நிறம் காட்டும் அறிஞர்கள் எமக்கு நினைவுக்கு வருகின்றனர். பெயர் சொல்வது ஆய்வு நெறியன்று.

சியாமீஸின் புலமைக்கு மறுக்க முடியாத சான்றும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் 1975இல் ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆளாக எழுதியவர், பழக்கதோஷத்தில் ‘நாங்கள்’ என்றே தட்டச்சு செய்துவிட்டார். ஓராசிரியர் கட்டுரையில் ‘நாங்கள்’ செல்லாது என்று நண்பர் எச்சரித்தார். முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய மனம் வராமல், தம் சியாமீஸ் பூனை செஸ்டரை ‘எஃப். டி. சி. வில்லார்ட்’ என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்தார். கட்டுரை அச்சேறியது. நம் பக்கத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. இங்கே ‘யாம்’ என்பதற்குப் பின்னால் பூனைகூட இருப்பதில்லை.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2021இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளை ஆராய்ந்து ஏழு குணக்கூறுகளைக் கண்டனர். அச்சம், விளையாட்டு, மனிதரிடம் ஒட்டுதல் என்று போகும் அப்பட்டியலில், மணல் தொட்டியைப் பயன்படுத்துவதில் வரும் தகராறும் ஒரு கூறு. வினாத்தாளை நிரப்பியவர்கள் வளர்ப்போர். பூனைகளின் கையொப்பம் பெறப்படவில்லை. இவ்வேழும் எமக்கு உடன்பாடே. ஆனால் எட்டாவதாக வந்திருக்க வேண்டிய ‘கதவுநிலை’ விடுபட்டிருப்பதே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

கதவுநிலை என்றது, மூடிய கதவைத் திறக்கச் செய்து, திறந்தபின் அதன் நடுவே நிற்றல். ‘நிலை’ கதவுச் சட்டத்தையும் குறிக்கும், நிற்பதையும் குறிக்கும். இரட்டுற மொழிதல் என்க. எம் வீட்டு நாட்டுப்பூனையிடம் இது பன்முறை உற்றுநோக்கப்பட்டது. விடியல் ஐந்தே முக்கால். கதவின் கீழ்ப்பலகையில் நகம் கீறும் ஓசை. தாழ் நீக்கப்படுகிறது. பூனை இரு முன்னங்கால்களை வெளியே வைக்கிறது. பின்னங்கால்கள் உள்ளே. மூக்கு காற்றை வாசிக்கிறது. பிறகு, எங்கோ போக வேண்டியிருந்த அவசரமெல்லாம் தீர்ந்ததுபோல, அங்கேயே அமர்ந்து தோள்பட்டையை நக்கத் தொடங்குகிறது. ஆய்வாளர் ஒரு கையில் கதவையும் மறு கையில் அவிழும் லுங்கியையும் பிடித்தபடி நிற்கிறார்.

இப்பூனை அகத்தது அன்று, புறத்ததும் அன்று. இலக்கண நூலார் கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் ‘அகப்புறம்’ என்று ஒரு வகை கண்டது இத்தகைய நெருக்கடியில்தான் என்பது எம் துணிபு. ஒருதலைக் காமமும் பொருந்தாக் காமமும் பூனைக்கும் அதை வளர்ப்பவனுக்கும் இடையிலும் உள்ளவையே.

ஏன் நிற்கிறது என்பதில் உரைவேறுபாடு உண்டு. “அதுக்கு வெளிய போக வேணாம். கதவு திறந்திருக்கணும், அவ்ளோதான்” என்பது ஓர் உரை (இல்லாள், அடுக்களை உரைகள், மூன்றாம் தொகுதி, ‘பாலை மூடி வைக்கச் சொன்னேனா இல்லையா’ என்னும் இயல்). “போன ஜென்மத்துல தாசில்தாரா இருந்திருக்கும். வந்தவங்களை எல்லாம் வாசல்லயே நிக்க வெச்ச பாவம்” என்பது மற்றோர் உரை (மாமியார், வாய்மொழி, செவ்வாய்க்கிழமை, காபிக்கு முன்; ‘காபிக்குப் பின்’ என்ற பாடமும் உண்டு, அப்பாடத்தில் தாசில்தார் சார்பதிவாளராகத் திரிந்துள்ளார்). “மாப்பிள்ளைக்கு வேற வேலை இல்ல” என்பது அதே ஆசிரியரின் இடைச்செருகல் என்று ஒதுக்கினோம்.

மைத்துனர் வீட்டு சியாமீஸும் மாடி வீட்டுப் பெர்ஷியனும் இதையே செய்கின்றன; முதலாவது புலம்பிக்கொண்டு, இரண்டாவது உட்கார்ந்துகொண்டு. எனவே கதவுநிலை இனம் கடந்தது எனத் துணிந்தோம். மாதிரி அளவு மூன்றுதான். மூன்றும் இல்லாமல் பட்டம் பெற்றோர் எம்மைக் குறைசொல்ல மாட்டார்கள்.

பூனை எத்தனை நிமிடம் நிற்கும் என அளந்து அட்டவணையிட எண்ணினோம். நேற்று விடியலில் ஏழாம் நிமிடத்தோடு அளவீடு நின்றது. உள்ளிருந்து வந்த குரல் காரணம்: “ஒண்ணு அதை வெளிய விடுங்க, இல்ல நீங்க வெளிய போங்க. கொசு வருது” (மேலது, நான்காம் தொகுதி, அச்சில்).