'மாட்டேன்' என்றொரு சொல்

'குடையை எடுத்துக்கிட்டுப் போ' என்றால், வேண்டுமென்றே நனைந்துகொண்டு போகிறான் என் மகன். இது பிறவிக் குணமா?
– வாசகி, தென்காசி

அவனுக்குப் பிடிக்காதது குடை இல்லை அம்மா, 'போ'! தேர்ந்தெடுக்கும் உரிமை பறிபோவதாகத் தோன்றினால் அதை மீட்கத்தான் மனம் முதலில் துடிக்கும் என்று 1966-இல் விளக்கினார், அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம். நாளைக்குக் குடையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, 'வானம் இருட்டியிருக்கு' என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் ஆறு மாதமாக ஓயாத கோபம், வாக்குவாதம், வன்மம் என்றிருந்தால், அடிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அதிகாரத்துக்கு அடங்காதவன் ஆபத்தானவன்தானே?
– வாசகர், ஈரோடு

அடங்கியவர்கள்? யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனையில், அடுத்த அறையில் இருந்தவர் மின்னதிர்ச்சி தாங்காதவர்போல் சுவரை இடித்த பிறகும், 'தொடருங்கள்' என்ற ஒரு சொல்லுக்காக 450 வோல்ட் வரை விசையைத் தட்டினார்கள், 40 பேரில் 26 பேர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. பாதியில் 'மாட்டேன்' என்றவர்கள் 14 பேர்தான்.

பிள்ளைக்குப் பணிவைக் கற்றுக்கொடுங்கள். எந்த இடத்தில் பணியக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.