மூச்சு வாங்க விடாதவர்கள்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எதிரணியைத் திணறடிப்பது உடல் பலமா?

பதில்: பலத்தைவிட வேகம்! பயிற்சியாளர் சிப் கெல்லி காலத்து ஒரிகன் அணியைப் பாருங்கள். ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி உண்டு. மற்றவர்கள் வட்டமாகக் கூடி ஆலோசிப்பார்கள். இவர்களோ, மைதான ஓரத்தில் தூக்கிப் பிடிக்கும் படப் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பந்தை எடுத்துவிடுவார்கள். தாக்கும் அணி ஆளை மாற்றாதவரை, தடுக்கும் அணி ஆள் மாற்ற நடுவர் காத்திருக்க மாட்டார். 130 கிலோ ஆசாமி இடுப்பில் கைவைத்து இரைக்கும்போதே அடுத்த தாக்குதல்! அத்தனையும் விதிக்குட்பட்டே. என்ன அழகான கெடுபிடி! 2010 பருவத்தில் இறுதிப் போட்டிவரை தோல்வியே இல்லை. அங்கும் எதிரணியான ஆபர்ன் ஜெயித்தது 22-19 என்று, கடைசி உதையில்தான்.