மீன், இறால், நண்டு: ஆறாம் உருவச் சிக்கலும் பாட்டியின் லாபமும்

சூதைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் தருமரில் தொடங்கித் துரியோதனன் தொடையில் முடிப்பது மரபு. இவ்வாய்வாளர் அம்மரபை மீறுவதற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்டத்தில் சகுனி கிடையாது. அவர் இருக்கவேண்டிய இடத்தில், சிங்கப்பூர் அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு சீனப் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். பணயமும் நாடு நகரம் அல்ல. ஐம்பது காசு, மிஞ்சினால் இரண்டு வெள்ளி.

ஆட்டத்தின் பெயர் ஹூ ஹே ஹௌ. தமிழில் மீன்-இறால்-நண்டு ஆட்டம் எனலாம். சீனர்களோடு கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. சீனப் புத்தாண்டின் 15 நாளும் ஆரஞ்சுப் பழத்தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு இதற்கான தாளை விரிக்கும் வீடுகள் இன்றும் பல.

இலக்கணம் வருமாறு. பகடை மூன்று. ஒவ்வொன்றின் ஆறு முகத்திலும் புள்ளிக்குப் பதிலாகப் படம்: மீன், இறால், நண்டு, சேவல், சுரைக்குடுவை, காசு. அதே ஆறு படங்களும் கட்டம் கட்டமாகத் தாளில் அச்சாகியிருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் பாங்கர். அவர் பகடைகளைத் தட்டில் இட்டு, கிண்ணத்தால் மூடி, குலுக்கி வைப்பார். மற்றவர்கள் பிடித்த படத்தின்மேல் காசு கட்டுவார்கள். கிண்ணம் திறக்கும். கட்டிய படம் ஒரு பகடையில் வந்திருந்தால் ஒரு மடங்கு, இரண்டில் வந்திருந்தால் இரண்டு மடங்கு, மூன்றிலும் வந்திருந்தால் மூன்று மடங்கு. கட்டிய காசும் கைக்குத் திரும்பும். வராவிட்டால் காசு பாங்கருக்கு. இதைக் கற்க ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு குலுக்கல் போதும். ஆய்வாளர்களுக்கு அதிக நேரம் பிடிக்கும். அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

முதற் கேள்வி திணை பற்றியது. மீனும் இறாலும் நண்டும் நெய்தலுக்கு உரியன, ஐயமில்லை. சேவலைக் கானக்கோழி எனக் கொண்டு முல்லையில் சேர்க்கலாம். சுரை வேலியில் படர்வது, ஆகவே அதுவும் அங்கேயே அடங்கும். காசு எத்திணை? எல்லாத் திணைக்கும் பொது என்பார் ஒரு சாரார். பாலை என்பார் மற்றொரு சாரார், ஆட்டம் முடிந்தபின் கட்டியவரின் பணப்பையை நோக்கி. பின்னவர் கூற்றே பொருந்தும் என்க.

இக்காசு வேறொரு வகையிலும் தொல்லை தருகிறது. வியட்நாமில் டெட் புத்தாண்டுக்கு ஆடும் பாவ் குவா இதே ஆட்டந்தான். ஆனால் அங்கே காசு இல்லை, மான் நிற்கிறது. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் போனால் மானைக் காணோம், புலி உட்கார்ந்திருக்கிறது. மீன், இறால், நண்டு, சேவல், சுரை ஆகிய ஐந்தும் எந்த எல்லையைக் கடந்தாலும் அசையாமல் இருக்க, ஆறாவது மட்டும் நாட்டுக்கு நாடு வேடம் மாற்றுகிறது. முதலில் காசு இருந்தது, அதைக் கொடுத்து மான் வாங்கினார்கள், மானைப் புலி அடித்தது என்று ஒரு படிமலர்ச்சிக் கோட்பாட்டை நிறுவலாம். சான்று எதுவும் இல்லை என்பதே இக்கோட்பாட்டின் குறை. முனைவர் பட்டங்கள் சில பெறப்பட்ட விதத்தை நோக்க, அது பெருங்குறை அன்று. இங்கிலாந்துக் கடற்படையினர் மூன்று பகடையில் கிரீடமும் நங்கூரமும் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களும் பொறித்து ஆடினார்கள். படம் எதுவானாலும் பாங்கருக்குக் கவலை இல்லை. ஏன் என்பது பின்னர்ப் பெறப்படும்.

விதி தெரிந்துவிட்டது. இனித்தான் கற்றல் தொடங்குகிறது; அதாவது, ஆடுவோர் ஒவ்வொருவரும் ஏதாவதொரு தத்துவ மரபில் சேர்ந்துவிடுகிறார்கள். போன தடவை வந்தது மறுபடியும் வரும் என்போர் ஒரு கட்சி. வெகுநேரமாக வராதது இப்போது வந்தே தீரும் என்போர் எதிர்க்கட்சி. இரு கட்சிக்கும் மூல நூல் ஒன்றே, கடந்த ஐந்தாறு குலுக்கல். பகடைக்கோ ஞாபகசக்தி கிடையாது. பாட்டிக்கு உண்டு, யார் எவ்வளவு கட்டினார் என்பதில் மட்டும்.

மூன்றாம் கட்சியார் ஆழமானவர்கள். காசு கட்டும் நேரத்தில் பகடை ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது என்பதை அவர்களே கவனித்தவர்கள். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் இனி வரப்போவதன்மீது கட்டுகிறார். இங்கே நடந்து முடிந்த ஒன்று கிண்ணத்துக்குள் மறைந்திருக்கிறது. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்ற நம் சற்காரியவாதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்தச் சித்தாந்த வகுப்பிலும் பார்க்க முடியாது. உள்ளதாயின் அறியவும் கூடும் அன்றோ? ஆகவே இக்கட்சியார் குலுக்கும்போது கண்ணை மூடிக் காதைச் சாய்க்கிறார்கள். இவர்களுக்கு மக்காவில் ஒரு குலகுருவும் உண்டு. 1962-ல் அங்கே சூதாட்ட ஏகபோக உரிமை பெற்ற கூட்டாளிகளுள் ஒருவரான யிப் ஹான், மூடிய பகடையின் ஓசையைக் கேட்டே விழுந்த முகத்தைச் சொல்லிவிடுவார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. கதை மெய்யோ பொய்யோ, அவர் சூதாட்ட விடுதிக்குச் சொந்தக்காரர் ஆனார் என்பது மெய். காது அவ்வளவு நுட்பமானதாயின் கட்டிக்கொண்டே இருந்திருக்கலாமே, விடுதி எதற்கு என்பதே இவ்வாய்வாளரின் தடை. அதற்கு விடை கணக்கில் இருக்கிறது.

மூன்று பகடை, ஆறு முகம். மூன்றை ஆறால் வகுத்தால் பாதி. ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடத்தில் உள்ள எல்லோரும், இரண்டு பொறியாளர்கள் உட்பட, இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். இது பிழை. மூன்று பகடை விழக்கூடிய விதங்கள் 216. அவற்றுள் நீங்கள் கட்டிய இறால் எட்டியும் பார்க்காதவை 125. ஒரே ஒரு பகடையில் வருபவை 75, இரண்டில் 15, மூன்றிலும் வருவது 1. ஒவ்வொரு விதமும் ஒருமுறை விழுவதாகக் கொண்டு ஒரு வெள்ளி வீதம் கட்டினால், தோற்பது 125 வெள்ளி. ஜெயிப்பது 75, 30, 3 ஆக 108. துண்டு விழுவது 17 வெள்ளி, நூற்றுக்கு ஏறத்தாழ 8. படம் சேவலானாலும் புலியானாலும் நங்கூரமானாலும் இதே 17.

இந்தப் பதினேழு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பாட்டியின் பக்கமிருந்துதான் பார்க்கவேண்டும். ஆறு கட்டத்திலும் இரண்டிரண்டு வெள்ளி இருப்பதாகக் கொள்க. மூன்று பகடையும் மூன்று வேறு படம் காட்டினால், மூன்று கட்டத்தில் வாரி மூன்று கட்டத்துக்குக் கொடுப்பார், மிச்சம் ஒன்றுமில்லை. பாதிக்குச் சற்று மேலான குலுக்கல்கள், 216-ல் 120, இப்படிச் சப்பென்று முடியும். இரட்டை விழும்போதுதான் கதை மாறுகிறது. நான்கு கட்டத்தில் எட்டு வெள்ளி வாங்கி ஆறு கொடுக்கிறார். மூன்றும் ஒன்றாக விழுந்தால் ஐந்து கட்டத்தில் பத்து வெள்ளி வாங்கி ஆறு கொடுக்கிறார்.

மூன்று இறால் விழுந்த தருணத்தைக் கள ஆய்வில் காண நேர்ந்தது. “ஹுவாட் ஆ!”, செழிக்கட்டும் என்று கூடமே எழுந்து கத்துகிறது. இறாலில் கட்டிய பேரன் சோபாவின்மேல் ஏறி நிற்கிறான். மீனிலும் நண்டிலும் தோற்றவர்களும் அவன் முதுகில் தட்டுகிறார்கள். பாட்டி வலக்கையால் அவனுக்கு ஆறு வெள்ளியை எண்ணி வைக்கிறார். இடக்கை மற்ற ஐந்து கட்டங்களையும் வழித்து மடியில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் தள்ளிவிடுகிறது. அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை. கூச்சல் எப்போது உச்சத்துக்குப் போகிறதோ அப்போதுதான் பாங்கர் சம்பாதிக்கிறார். சப்பென்ற குலுக்கலில் அவருக்குக் கூலிகூடக் கிடையாது. அதனால்தான் அந்த நேரங்களில் “சப்பாட், சப்பாட்!” என்று மலாயில் அவசரப்படுத்துகிறார் போலும். திருவிழாக் கடைத்தெருவில் ‘வை ராஜா வை’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும்.

பொருளியல் குறிப்பு ஒன்று. காலையில் சிவப்பு உறையில் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்த அங்பாவ் பணத்தின் ஒரு பகுதி மாலைக்குள் அதே பிஸ்கட் டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது. சட்டத்தில் இதற்கு இடமுண்டா எனில், உண்டு. சிங்கப்பூரின் 2022-ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் உறவினரும் நண்பரும் கூடி ஆடுவதை அனுமதிக்கிறது, அதை யாரும் தொழிலாக நடத்தாத வரை. பாட்டி நடத்துவது தொழிலா என்ற வினாவை இவ்வாய்வாளர் எழுப்பவில்லை. அந்த வீட்டு அன்னாசி டார்ட் மிக நன்றாக இருக்கும்.

கற்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க. பாங்கர் நாற்காலி காலியானால் உட்காருங்கள். கிடைக்காவிட்டால் ஒற்றைப் படத்தில் மட்டும் கட்டுங்கள். இரண்டு படங்கள் சேர்ந்து வரும் என்று அவற்றுக்கு இடையிலுள்ள நடுக்கோட்டில் காசு வைக்கச் சொல்வார்கள். ஐந்து மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். அந்த ஜோடி 216-ல் 30 முறைதான் வரும். நூற்றுக்கு 8 வெள்ளி போய்க்கொண்டிருந்த இடத்தில் ஏறத்தாழ 17 போகும்.