இரும்பு ஒன்றுதான், நிறம் மூன்று

நரபீன் கடற்கரையில் நாறிய மீனை மணலில் இழுத்துக் காட்டி, தலை தூக்கும் புழுவைப் பிடிக்கிறார்கள். அறுந்தால் வருவது சிவப்பு ரத்தம். புழுவுக்கும் ஹீமோகுளோபினா?
— தூண்டில் பிரியர், சிட்னி

ஹீமோகுளோபினேதான்! அது மூட்டை கட்டப்பட்ட விதம்தான் வேறு. நம்முடையதில் நான்கு புரதச் சங்கிலிகள். சிவப்பணுவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. மண்புழுவுக்கும் பல கடற்புழுக்களுக்கும் அந்த அணுக்கள் கிடையாது. புரதம் ரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. சிறிய மூலக்கூறாக இருந்தால் உடலை விட்டுக் கசிந்து போய்விடும். அதனால் பெரிதாகக் கட்டிக்கொண்டன. மண்புழுவில் 144 குளோபின் சங்கிலிகளும் அவற்றைப் பிணைக்கும் 36 சங்கிலிகளும் சேர்ந்து, இரண்டு அடுக்கு அறுகோணமாக நிற்கின்றன. எடையில் நம் ஹீமோகுளோபினைப் போல ஐம்பது மடங்குக்கு மேல்.

அதனால் நமக்கென்ன லாபம்?
— கேள்விக்கென்றே பிறந்தவர், ஹோம்புஷ்

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவரிடம் கேட்டால் தெரியும். பிரான்சில் ஃப்ராங்க் சால் என்ற உயிரியலாளர், அரெனிகோலா என்ற மணற்புழுவின் ஹீமோகுளோபினை எடுத்து, தானமாக வந்த உறுப்பு வைக்கப்படும் திரவத்தில் கலக்கும் முறையை உருவாக்கினார். ஒரு மூலக்கூறு 156 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வரை சுமக்கும். சிவப்பணுச் சவ்வு இல்லாததால் ரத்தப் பிரிவுப் பொருத்தம் பார்க்கும் தொல்லையும் இல்லை.

போர்ட் ஃபிலிப் விரிகுடாவில் படகுத்துறைக் கால்களை விசிறிப் புழுக்கள் மூடிக் கிடக்கின்றன. அவற்றின் ரத்தம் பச்சை என்கிறான் மகன். கதை விடுகிறானா?
— ஒரு தாய், ஜீலாங்

மகன் சொன்னது சரி. அது சபெல்லா ஸ்பல்லன்சானி. மத்தியதரைக் கடலிலிருந்து வந்தேறியது. 1980களில் உங்கள் ஊர் கோரியோ விரிகுடாவில் தலைகாட்டி, அங்கிருந்து போர்ட் ஃபிலிப் முழுக்கப் பரவியது. அதன் ரத்தப் புரதம் குளோரோக்ருவோரின். நம் ஹீமோகுளோபினில் இரும்பைச் சுற்றியிருக்கும் ஹீம் வளையத்தின் ஓரத்தில் உள்ள ஒரு வினைல் தொகுதிக்குப் பதில் இதில் ஃபார்மைல் தொகுதி இருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான். நீர்த்த நிலையில் பச்சையாகவும், அடர்ந்தால் சிவப்பாகவும் தெரியும். ஓரத்தில் நடந்த இந்தச் சின்ன மாற்றத்தால் நடுவிலுள்ள இரும்பின் பிடி தளர்ந்துவிடுகிறது. இது ஹீமோகுளோபின் அளவுக்கு ஆக்சிஜனை இறுகப் பற்றுவதில்லை.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். படகில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தண்ணீரிலேயே தள்ளக் கூடாது. அறுந்த துண்டு மறுபடி வளரும். கரைக்குக் கொண்டுவந்து குப்பையில் போடச் சொல்லுங்கள். உள்ளூர்ச் சிப்பிகளுக்கும் கடற்பஞ்சுகளுக்கும் இடம் மிஞ்ச வேண்டும்.

ஹீம் வளையமே இல்லாமல் இரும்பு ஆக்சிஜனைச் சுமக்க முடியுமா?
— மருத்துவ மாணவி, கிளேட்டன்

முடியும். நீங்கள் கேட்டதற்கு நன்றி; எனக்கு மிகப் பிடித்த புரதம் இதுதான்.

சிட்னிப் பாறைக் கடற்கரைகளில் கல்லைப் புரட்டினால், பழுப்பு நிறத்தில், சுருங்கினால் நிலக்கடலைக் காய் அளவில் ஒரு புழு கிடக்கும். சிபன்குலா வகை. அதன் உடற்குழித் திரவத்தில் மிதக்கும் செல்களுக்குள் ஹெமெரித்ரின் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது நிறமே இல்லை. காற்றுப் பட்டதும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு.

பொங்கலுக்கு நான்கு கரும்புகளைச் சேர்த்துக் கட்டுவோமே, புரதம் அப்படி நிற்கிறது: நான்கு ஆல்ஃபா சுருள்கள், நடுவில் இரண்டு இரும்பணுக்கள். ஐந்து ஹிஸ்டிடின்கள் அவற்றைப் பிடித்திருக்கின்றன, ஓரணுவை மூன்றும் மற்றதை இரண்டுமாக. ஒரு குளுட்டமேட், ஒரு அஸ்பார்டேட், ஒரு ஹைட்ராக்சைடு ஆகிய மூன்றும் இரண்டு அணுக்களுக்கும் இடையே பாலம். இரண்டு ஹிஸ்டிடின் மட்டுமே பிடித்த அணுவில் ஓரிடம் காலி. ஆக்சிஜன் வந்து அமர்வது அங்கேதான்.

இனிதான் அழகு. ஆக்சிஜன் ஓர் இரும்பைத்தான் தொடுகிறது. மற்ற இரும்பு அதைத் தொடுவதே இல்லை. இருந்தும் பாலத்தின் வழியே தன் பங்குக்கு ஓர் எலக்ட்ரானைத் தந்துவிடுகிறது. இரண்டு அணுக்களும் இரண்டிலிருந்து மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு மாறுகின்றன. பாலத்திலிருந்த ஹைட்ரஜன் விருந்தாளியிடம் நகர, ஆக்சிஜன் ஹைட்ரோபெராக்சைடாக அமர்கிறது. வெளியேறும்போது எல்லாம் பழையபடி திரும்பிவிடும். ஆய்வுக்கூடத்தில் நாம் இரும்பைத் துருவாக்கினால் துருதான். இந்தப் புழு அதே ஆக்சிஜனேற்றத்தை வேண்டும்போது செய்து வேண்டும்போது அவிழ்க்கிறது.

சில புழுக்களில் இப்படி எட்டுக் கட்டுகள் சேர்ந்து ஒரு மூலக்கூறு; சிலவற்றில் மூன்று. தசையில் இருப்பது தனிக்கட்டு, மயோஹெமெரித்ரின்: 118 அமினோ அமிலங்கள். அதன் உருவத்தை 1975ல் ஹெண்ட்ரிக்சன் குழு அமெரிக்காவில் எக்ஸ்-கதிர் கொண்டு முதலில் பார்த்தது.

கார்பன் மோனாக்சைடு அந்தப் புழுவைக் கொல்லுமா?
— மெக்கானிக், டான்டினாங்

அதன் ஹெமெரித்ரினை அடைக்காது. இங்கே உள்ளே வருபவர் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள வேண்டும். கார்பன் மோனாக்சைடு வாங்காது. நம் ஹீமோகுளோபினோ அதை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பிடிக்கும். மெல்பர்ன் குளிரில் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்களை நினைத்துத்தான் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். தயவுசெய்து வேண்டாம். கேஸ் ஹீட்டரையும் காலாகாலத்தில் ஆள் வைத்துச் சோதியுங்கள்.

இந்த மூன்றில் எது உயர்ந்தது?
— பட்டிமன்ற ரசிகர், பென்டில் ஹில்

நடுவர் தீர்ப்புக்கு இடமில்லை. ஹெமெரித்ரின் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு இரும்பணுக்களைச் செலவிடுகிறது. கணக்கில் அது நஷ்டம். ஆனால் வேலையில் கெட்டி. பின்னாளில் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரான க்ளைட் மேன்வெல், கலிஃபோர்னியப் புழு ஒன்றில் பார்த்தார்: கொடுக்கிழைகளின் ரத்தத்தில் ஒரு ஹெமெரித்ரின், உடற்குழியில் வேறொன்று. உடற்குழியிலுள்ளது ஆக்சிஜனை இன்னும் இறுகப் பற்றும். எனவே கொடுக்கிழை வாங்கியதை உடற்குழி வாங்கிக்கொள்ளும். வளையில் உடலைப் புதைத்து, இழைகளை மட்டும் வெளியே நீட்டி வாழும் உயிருக்கு அதுதானே தேவை?

உலோகப் புரத ஆய்வில் சிட்னிக்குப் பெயர் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வென்ட்வொர்த்வில்

உண்டு. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஃப்ரீமன் 1978ல் பிளாஸ்டோசயனின் என்ற செம்புப் புரதத்தின் உருவத்தை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகத் தீர்க்கப்பட்ட புரத உருவம் அது. நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து சிறுவனாக இங்கே வந்தவர் அவர். இன்று இந்த வேலைக்கு கிளேட்டனில் சின்க்ரோட்ரான் இருக்கிறது.

நம்மவர் பங்கு?
— அதே ஆசிரியர்

சென்னைப் பல்கலைக்கழகம், 1963. ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். ஹெமெரித்ரினின் நான்கு சுருள்களும் அதில் ஆல்ஃபா சுருளுக்குரிய பகுதியில்தான் விழும். எந்த நாட்டில் புரத உருவம் கண்டாலும் இன்றும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்தமாகச் சொல்லலாம்.

மனித உடலில் ஹெமெரித்ரின் உண்டா?
— மருத்துவ மாணவி, மறுபடி

அதன் உறவு உண்டு. எஃப்பிஎக்ஸ்எல்5 என்ற நம் புரதத்தில் ஹெமெரித்ரின் சாயலில் ஒரு பகுதி இருப்பதை 2009ல் கண்டார்கள். அது ஆக்சிஜன் சுமப்பதில்லை; செல்லில் இரும்பு போதுமா என்று பார்க்கிறது. இரும்பு குறைந்தால் அந்தப் புரதமே சிதைந்துவிடும்.

கடைசியாக: சாப்பிடலாமா?
— சமையல் ரசிகர், ஸ்ப்ரிங்வேல்

சீனாவின் ஷியாமெனில் சிபன்குலாப் புழுவை வேகவைத்து, உறையவிட்டு, ஜெல்லியாகத் தின்கிறார்கள். வடக்கு வியட்நாமில் காயவைத்து ஃபோ சூப்பின் சாற்றில் போடுகிறார்கள். சிட்னிக் கரையில் பிடித்ததை மட்டும் சட்டியில் போட்டுவிடாதீர்கள். பல கரைகளில் இத்தகைய உயிர்களை எடுக்கத் தடை இருக்கிறது.